'கோட்டை' என்னும் மாயை: ஜாதவ்பூர்த் தொகுதி தரும் படிப்பினை

இடதுசாரி இயக்கத்தவர் தேர்தல்களைப் பற்றிப் பேசும்போது வழங்கும் சொற்களுள் மிகவும் ஆபத்தானது 'கோட்டை' என்பதாகும். இன்ன தொகுதி எமது கோட்டை என்கிறோம். இன்ன நகரம் செங்கோட்டை என்கிறோம். கோட்டை என்றால் உள்ளே ஒரு மன்னனும் அவனுக்கடங்கிய குடிகளும் இருத்தல் வேண்டும். சுற்றிவர மதிலும் அகழியும் இருத்தல் வேண்டும். நிலப்பிரபுத்துவ காலத்துக்குரிய இச்சொல்லை, நிலப்பிரபுத்துவத்தை எதிர்த்துப் போராடியவர்களே தம் அகராதியில் ஏற்றி வைத்தமை வெறுஞ் சொற்பிழையன்று. சொல்லின் பின்னே ஒரு மனப்பான்மை நிற்கிறது. மக்கள் ஒருமுறை எம்மவரானால் என்றும் எம்மவரே என்பதுதான் அம்மனப்பான்மை. அது எத்துணைப் பொய்யானது என்பதைக் கல்கத்தா மாநகரின் தென்புறத்தேயுள்ள ஜாதவ்பூர் என்னும் சட்டசபைத் தொகுதியின் வரலாறு ஐயந்திரிபறக் காட்டுகின்றது.

அவ்வரலாற்றின் வெளித்தோற்றம் எளிது. 1967ஆம் ஆண்டில் தனித் தொகுதியாகத் தேர்தலைச் சந்தித்த ஜாதவ்பூர், அவ்வாண்டு தொடக்கம் 2006 வரை நிகழ்ந்த ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் மார்க்ஸிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அபேட்சகரையே சட்டசபைக்குத் தெரிந்தனுப்பியது. 1987 முதல் அதன் அங்கத்தவராயிருந்தவர் புத்ததேவ் பட்டாச்சார்யா. 2000ஆம் ஆண்டு நவம்பரில் மாநிலத்தின் முதன்மந்திரியானவர். 2006 இல் அவர் பெற்ற பெரும்பான்மை 58,000 வாக்குகளுக்கு மேல். ஐந்தே ஆண்டுகளின் பின், 2011 மே 13ஆம் திகதி, அதே தொகுதியில் அதே மனிதர் 16,684 வாக்குகளால் தோல்வியுற்றார். இடையில் தொகுதியின் எல்லைகள் மாற்றி வகுக்கப்பட்டன என்பது உண்மையே. ஆயினும், மாநிலம் முழுவதிலும் முப்பத்துநான்கு ஆண்டு ஆட்சி சரிந்த அன்றைய தினத்தை எல்லைக்கோடுகளைக் கொண்டு விளக்கிவிட இயலாது. 2016 இல் கட்சி இத்தொகுதியை மீட்டது. 2021 இல் மீண்டும் இழந்தது.

இவ்வீழ்ச்சிக்கு எமது நண்பர்கள் கூறும் காரணங்கள் மூன்று. மக்கள் நன்றி மறந்தனர் என்பது முதலாவது. மத்தியதர வர்க்கம் இயல்பாகவே ஊசலாடும் வர்க்கம்; வங்காளத்துப் படித்த கூட்டம் ஒரு காலத்தில் பண்பாட்டு மேன்மையினால் எம்முடன் நின்றது, பின்னர் நுகர்வு மோகத்தில் எம்மைக் கைவிட்டது என்பது இரண்டாவது. எதிரியின் பணமும் வன்முறையுமே எம்மை வீழ்த்தின என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றையே வேறு வேறு குரலிற் கூறுகின்றன: குற்றம் எம்முடையதன்று, பிறருடையது. நாம் இதனை ஏற்பதற்கில்லை.

மூன்றாவது கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். எதிரியிடம் பணமும் உண்டு, அடியாட்களும் உண்டு; மறுப்பாரில்லை. ஆனால் 1972 இல் இல்லாத வன்முறையா? அவ்வாண்டுத் தேர்தல் மேற்கு வங்காளத்தின் தேர்தல்களுள் மிகவும் இழிந்த ஒன்றாகப் பேசப்படுவது. பொலிசும் காங்கிரஸ் குண்டர்களும் கைகோத்து நின்றனர். மார்க்ஸிஸ்ட் கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் பதினான்கே. கட்சி அச்சட்டசபையையே பகிஷ்கரித்தது. அந்த இருண்ட ஆண்டிலும் ஜாதவ்பூர் கட்சியைக் கைவிடவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் அசையாத தொகுதி, ஆட்சியும் பொலிசும் தன் அங்கத்தவரின் கையிலேயே இருந்த 2011 இல் அசைந்தது. ஆகவே வன்முறை என்பது விடையாகாது.

இரண்டாவது கூற்றுக்கு விடை காண, இத்தொகுதியின் மக்கள் யார் என்பதை அறிதல் வேண்டும். பண்பாட்டு மேன்மையுடைய கனவான்கள் கூடி அமைத்த பேட்டையன்று அது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையும், 1950ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்தில் நிகழ்ந்த மதக் கலவரங்களும் இலட்சக்கணக்கான மக்களை எல்லைக்கு இப்பால் துரத்தின. சியால்டா இரயில் நிலையத்தின் மேடைகளிற் கிடந்தவர்களுக்கு அரசாங்கம் போதிய காணியும் கொடுக்கவில்லை, தொழிலும் கொடுக்கவில்லை. அவர்களுள் ஒரு பகுதியினர் நகரின் தென்புறத்தே கைவிடப்பட்டுக் கிடந்த இராணுவ முகாம்களிலும், நிலச்சுவான்தார்கள் விலையேற்றத்துக்காக வெறுமனே போட்டு வைத்திருந்த சதுப்பு நிலங்களிலும் இரவோடிரவாகக் குடிசை போட்டனர். பிஜோய்கர் குடியிருப்பு அவ்வாறு எழுந்தது. அதனைத் தொடர்ந்து பல எழுந்தன. 1950 முடிவதற்குள் கல்கத்தாவைச் சூழ இவ்வாறு தோன்றி, பின்னர் அரசாங்கக் கணக்கில் ஏறிய குடியிருப்புகள் 149.

கைப்பற்றிய காணியைக் காப்பாற்றுவது கைப்பற்றுவதிலும் கடினம். நிலச்சுவான்தாரின் கூலியாட்கள் வருவதைக் கண்டதும் பெண்கள் சங்கு ஊதினர், ஆண்கள் கூடினர். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு குழு அமைந்தது. வீதி அளந்தவர்கள் அவர்கள். குளம் வெட்டியவர்கள் அவர்கள். கையிற் காசில்லாத காலத்திலும் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் அவர்கள். ஆசிரியர்களாகிய எமக்கு இக்கடைசிச் செய்தி பெருமை தருவது. 1950 இல் அகதிகளின் ஐக்கிய மத்திய சபை தோன்றியது. 1951 இல் குடியேறிகளை வெளியேற்றும் சட்டம் வந்தபோது மாபெருங் கிளர்ச்சி மூண்டது. மாற்றுக் காணி கொடாமல் அகதிகளை வெளியேற்றலாகாது என்ற பாதுகாப்பைச் சட்டத்தினுள்ளேயே ஏற்றிவிட்டுத்தான் அது ஓய்ந்தது. இத்தனைக்கும் முன்னணியில் நின்றவர்கள் இடதுசாரிகள்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய உண்மையொன்று உண்டு. கிழக்கு வங்காளத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த இந்துக்கள் இடதுசாரிகளாக வரவில்லை. மதத்தின் பேரால் அடிபட்டு, மதத்தின் பேரால் வீடிழந்து, நெஞ்சிலே வஞ்சினத்துடன் வந்தவர்கள் அவர்கள். வகுப்புவாதக் கட்சிகளுக்கு அவர்களைவிட வாய்ப்பான மக்கட் கூட்டம் இருந்திருக்க முடியாது. இந்து மகாசபை அவர்களை நாடிச் செல்லாமலும் இல்லை. அப்படியிருந்தும் அவர்களுட் பெரும்பாலோர் செங்கொடியின் கீழ் வந்தனர் என்றால் அதற்குக் காரணம் மேடைப் பிரசங்கமன்று. நேற்றுத் தம்மைத் துரத்தியவன் வேற்று மதத்தவனாயிருக்கலாம். இன்று தம் குடிசைக்குத் தீ வைக்க வருபவன் தம் மதத்து நிலச்சுவான்தாரே என்பதை அவர்கள் காணிக்குள் நின்று கண்டனர். காயத்தை அறிவாக மாற்றியது போராட்டம். 1967 இல் ஜாதவ்பூர் அளித்த வாக்கு இருபதாண்டுப் போராட்டத்தின் அறுவடையாகும்.

அப்படியாயின் பின்னர் நேர்ந்தது என்ன?

1977 ஜூன் மாதத்தில் இடது முன்னணி ஆட்சிபீடம் ஏறியது. அதன் சாதனைகளை இருட்டடிப்புச் செய்வது எமது நோக்கமன்று. வாரக் குடிகளின் உரிமைகளைப் பதிவு செய்த இயக்கம், 1978 இல் நடந்த பஞ்சாயத்துத் தேர்தல்கள், ஆசிரியர்களுக்குக் கிட்டிய கௌரவமான சம்பளம் ஆகியன வரலாற்றில் நிலைத்து நிற்பன. குடியிருப்புகளின் மக்களும் 1980களின் பிற்பகுதி தொடக்கம் தாம் காத்த காணிக்கு நிலையான உரிமைப் பத்திரம் பெற்றனர். முப்பது, நாற்பது ஆண்டுக் கோரிக்கை நிறைவேறியது. நல்லதே.

ஆயின் கோரிக்கை நிறைவேறிய பின்னர் குழு எதற்கு? இக்கேள்விக்குக் கட்சி விடை தேடவில்லை. மக்கள் தம் காரியத்தைத் தாமே பார்ப்பதற்கு அமைத்த குழுக்களின் இடத்திற் கட்சிக் காரியாலயம் வந்து அமர்ந்தது. வீட்டுக்காரனுக்கும் வாடகைக்காரனுக்கும் தகராறு என்றாலும், மாடி எழுப்புவதற்கு அனுமதி வேண்டுமென்றாலும், குடும்பத்திற் பிணக்கு என்றாலும் கட்சிக் காரியாலயத்தின் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. முன்னர் சங்கு ஊதியவள் இப்போது மனுக் கொடுத்தாள். போராளி மனுதாரராக மாறிய இடத்திலேதான் 'கோட்டை' தொடங்குகிறது.

அகதிகளின் கட்சி என்ற பெயர் எவ்வளவு விரைவாகத் தேய்ந்தது என்பதற்கு 1979 சாட்சி. முந்திய காங்கிரஸ் ஆட்சியாளர் கிழக்கு வங்காள அகதிகளைத் தொலைவிலுள்ள தண்டகாரண்யத்துக்கு அனுப்பியபோது அதனைக் கண்டித்தவர்கள் இடதுசாரிகள். அவ்வகதிகளுட் பல்லாயிரவர், தம் நண்பர்கள் ஆட்சிக்கு வந்தனர் என நம்பித் திரும்பி வந்து, சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்னும் தீவிற் குடியேறினர். 1979 ஜனவரியில் அத்தீவைப் பொலிஸ் முற்றுகையிட்டது. உணவும் நீரும் தடுக்கப்பட்டன. துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. மே மாதத்திற் குடிசைகள் அழிக்கப்பட்டு மக்கள் அகற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர் என்பதை நாம் மறத்தலாகாது. ஜாதவ்பூரிற் குடிசை போட்டது உரிமை என்றால் மரிச்ஜாப்பியில் அதே செயல் குற்றமானது எப்படி? தொகுதியின் மேடைகளில் இக்கேள்வி உரத்து எழவில்லை. எழுந்திருந்தால் கட்சிக்கு நன்மையே விளைந்திருக்கும்.

கைத்தொழில்களின் கதை வேறொரு துயரம். சுதேசி இயக்கத்தின் வழிவந்த சுலேகா மைத் தொழிற்சாலை, பெங்கால் லாம்ப் மின்விளக்குத் தொழிற்சாலை, கிருஷ்ணா கண்ணாடித் தொழிற்சாலை ஆகியன ஜாதவ்பூரின் தொழிலாளரை வளர்த்தவை. அவை ஒவ்வொன்றாக நலிந்து கதவடைத்தன. சுலேகா பல்லாண்டுகள் மூடிக்கிடந்து பின்னர் மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பெயர் ஒரு நாற்சந்தியின் பெயராக என்றும் நிலைத்துவிட்டது. ஆலைகள் அழிந்த பிரதேசத்தில் அடுக்குமாடிகள் வளர்ந்தன. உரிமைப் பத்திரம் பெற்ற சிறு வீடுகளைக் கட்டட முதலாளிகள் வாங்கி இடித்தனர். மணலும் கல்லும் யாரிடம் வாங்குவது என்பது அரசியல் விவகாரமாயிற்று. காணியற்றோர் பறித்தெடுத்த காணி, இரண்டு தலைமுறைக்குள் சந்தைச் சரக்காயிற்று. அச்சந்தையை எதிர்க்க வேண்டிய கட்சி அதன் நடுவராக இருந்தது.

எச்சரிக்கைகள் வாராமல் இல்லை. இதே பெயரையுடைய, இதனினும் பரந்த பாராளுமன்றத் தொகுதியில் 1984 இல், சோம்நாத் சட்டர்ஜி என்னும் பெருந்தலைவரை மம்தா பானர்ஜி என்ற இளம் பெண் தோற்கடித்தார். இந்திரா காந்தி கொலையுண்ட அனுதாப அலை என்று விளக்கம் கூறப்பட்டது. 1989 இல் ஆசனம் மீட்கப்பட்டதும் அவ்விளக்கமே போதுமானது என எல்லோரும் நிம்மதியடைந்தனர். 1996 இல் கல்கத்தாவின் நடைபாதை வியாபாரிகளை இடது முன்னணி அரசாங்கம் பெருந்தொகையாக அகற்றியது. நடைபாதையிற் கடை வைத்தோருட் பலர் அகதிக் குடும்பத்தவர். 1951 இல் வெளியேற்றத்தை எதிர்த்தோர் 1996 இல் வெளியேற்றத்தை நடத்தினர். அதன் பின்னரும் தொகுதி வெல்லப்பட்டது. ஆதலால் யாவும் நன்றென எண்ணப்பட்டது. வாக்குப் பெட்டியை வெப்பமானியாகக் கொள்வோர் நோய் முற்றும்வரை காய்ச்சலை அறியார்.

2006 இல் இடது முன்னணி 294 ஆசனங்களுள் 235ஐக் கைப்பற்றியது. வெற்றியின் செருக்கு முதன்மந்திரியையே பற்றியது: எதிரிகள் முப்பது பேர், நாம் இருநூற்று முப்பத்தைந்து பேர் என்று எண்ணிக்கை பேசலானார். சிங்கூரில் மோட்டார் கார் தொழிற்சாலைக்காக ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் வயல் நிலம் சுவீகரிக்கப்பட்டது. 2007 மார்ச் 14ஆம் திகதி நந்திகிராமில் பொலிசார் சுட்டதில் பதினான்கு பேர் மடிந்தனர். மாநிலத்துக்குக் கைத்தொழில் வேண்டும் என்ற வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆலைகள் மூடுண்ட ஜாதவ்பூரைக் கண்டவர் எவரும் அதனை எள்ளார். ஆனால் உழுபவனிடமிருந்து பொலிசைக் கொண்டு காணி பறிப்பதற்கு, காணிக்காகப் போராடி உருவான ஒரு தொகுதியின் பிரதிநிதி தலைமை தாங்கியமைதான் வரலாற்றின் கொடுமை. அவர் தனிப்பட்ட வாழ்வில் மாசற்றவர். முதன்மந்திரியாயிருந்தும் சின்னஞ்சிறு அரசாங்க வீட்டிலே வாழ்ந்து, 2024 ஆகஸ்டில் மறைந்தவர். அதனால் எமது வாதம் மேலும் வலுப்பெறுகிறதேயன்றித் தளரவில்லை. தனிமனித நேர்மை ஓர் இயக்கத்தின் திசையைத் திருத்திவிடாது.

அவரைத் தோற்கடித்தவர் யார் என்பதும் சிந்தனைக்குரியது. மனிஷ் குப்தா என்பார் இடது முன்னணி ஆட்சியிலேயே தலைமைச் செயலாளராயிருந்த அதிகாரி. 1993 ஜூலை 21ஆம் திகதி கல்கத்தா வீதியில் இளைஞர் காங்கிரஸ் ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டுப் பதின்மூவர் இறந்தபோது உள்துறைச் செயலாளராக விளங்கியவரும் அவரே. அந்நாளைத் தியாகிகள் தினமாக ஆண்டுதோறும் கொண்டாடும் திரிணாமுல் காங்கிரஸ் அவரையே அபேட்சகராக்கியது! இத்தகைய கொள்கையற்ற கட்சியா மக்களுக்கு மீட்சி அளிக்கும் என்று கேட்பது நியாயமே. ஆனால் அதனினும் நியாயமான கேள்வி வேறொன்றுண்டு. முதன்மந்திரிக்கும் அவருடைய உத்தியோகத்தருக்கும் இடையே மக்கள் வேற்றுமை காணாத நிலை எவ்வாறு உண்டாயிற்று?

இன்னுமொரு செய்தி. புத்ததேவ் பட்டாச்சார்யாவுக்குச் சிறிய தந்தை முறையினரான கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா, பசியையும் புரட்சியையும் பாடிய இளைஞர், ஜாதவ்பூரின் காசநோய் வைத்தியசாலையில் இருபதாவது வயதில் உயிர் நீத்தார். அது 1947 மே 13. மகன் முறையினர் அதே ஜாதவ்பூரில் தோற்றது 2011 மே 13. திகதிகளின் ஒற்றுமை தற்செயலே. அதிற் பொருள் காண முயல்வது மூடநம்பிக்கை. தற்செயலல்லாத ஒன்று உண்டு: ஏழைகளின் நோய் தீர்க்க எழுந்த அவ்வைத்தியசாலையின் வளவிலே, இடது முன்னணி ஆட்சிக் காலத்திலேயே தனியார் மருத்துவக் கல்லூரியொன்று எழுந்தது. கவிஞரை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தவர்கள், கவிஞர் கிடந்த கட்டிலின் இடம் யாருக்குப் போகிறது என்று கேட்டிருத்தல் வேண்டும்.

தோல்வி பாடம் புகட்டியதா? 2016 இல் சுஜன் சக்கரவர்த்தி ஏறத்தாழ 15,000 வாக்கு வித்தியாசத்தில் மனிஷ் குப்தாவை வென்றார். ஆனால் அவ்வெற்றி காங்கிரசுடன் கூட்டுச் சேர்ந்து கிடைத்தது. 1972இன் பயங்கரத்தை நடத்திய அதே காங்கிரஸ். தியாகிகளின் குடும்பங்கள் இக்கூட்டை எவ்விதம் செரித்துக்கொண்டன என்று கட்சி கேட்டதாகத் தெரியவில்லை. 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது ஜாதவ்பூரின் இளந்தோழர்கள் 'உழைப்பாளர் உணவுச்சாலை' தொடங்கிக் குறைந்த விலையிற் சோறிட்டனர். பாராட்டத்தக்க தொண்டு, அவர்களின் உழைப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் 2021 இல் கட்சி ஏறத்தாழ 39,000 வாக்குகளால் தோற்றது. சோறு தின்றவர்கள் வாக்களிக்கவில்லையே என்று புலம்புவோர் உளர். இதுவே நாம் முதலிற் குறிப்பிட்ட நன்றி மறந்த கதை. இடுபவன் என்றும், ஏற்பவன் என்றும் மக்களைப் பிரித்து வைத்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பது பிரபுக்களின் வழக்கம். 1950 இல் எவரும் அகதிகளுக்குக் காணியைத் தானமாக வழங்கவில்லை. அவர்கள் தாமே எடுத்தனர். கட்சி உடன் நின்றது. உடன் நின்றவனுக்குக் கிடைத்த வாக்கு, சோறிட்டவனுக்குக் கிடைக்கவில்லை. இதில் மக்களின் குற்றம் என்ன?

2021ஆம் ஆண்டின் எண்களில் எம்மை உறங்கவிடாதது வேறொன்று. பாரதீய ஜனதாக் கட்சிக்கு ஜாதவ்பூரில் 53,000க்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. மார்க்ஸிஸ்ட் கட்சி பெற்றதோ 59,000க்குச் சற்று மேல். பாரதீய ஜனதாவின் அபேட்சகர், மார்க்ஸிஸ்ட் கட்சியின் மாநகரசபை அங்கத்தவராயிருந்து கட்சி மாறியவர். மாநிலம் முழுவதிலும் இடதுசாரிகளுக்கு ஓர் ஆசனமும் இல்லை. சுதந்திரத்தின் பின் அதுவே முதன்முறை. எழுபது ஆண்டுகளுக்கு முன் இந்து மகாசபை கேட்டும் பெறாததை அதன் வாரிசுகள் பெறத் தொடங்கிவிட்டனர். அகதியின் நினைவு அழிந்துவிடவில்லை, பேரப்பிள்ளைகளிடமும் இருக்கிறது. ஆனால் நிலச்சுவான்தாரையும் வெளியேற்றச் சட்டத்தையும் பற்றிய பாதி மங்கிவிட்டது. மற்றப் பாதி, துரத்திய வேற்று மதத்தவனைப் பற்றிய பாதி, மேலெழுந்து நிற்கின்றது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் தேடி வந்தது அப்பாதியையே. போராட்டம் மூடிய காயம், போராட்டம் நின்றதும் திறந்துகொண்டது.

ஈழத்திலும் இலங்கை முழுவதிலும் உள்ள இடதுசாரிகள் இதனை அயலாரின் கதையாகக் கேட்டுவிட்டுப் போதல் தகாது. வங்காளத்தில் இடது முன்னணி பதவியேற்ற 1977ஆம் ஆண்டிலேயே, அடுத்த மாதம் ஜூலையில், இங்கே சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஓர் ஆசனத்தையேனும் பெறாமற் பாராளுமன்றத்திலிருந்து துடைத்தெறியப்பட்டன. 1970 இல் முறையே பத்தொன்பதும் ஆறும் ஆசனங்கள் பெற்றிருந்த கட்சிகள் அவை. அவர்களிடமும் 'கோட்டைகள்' இருந்தன. வேலைநிறுத்தங்களிலே விளைந்த அத்தொகுதிகளில் இனவாதம் நுழைந்தபோது தடுப்பதற்கு மக்களின் குழுக்கள் இருக்கவில்லை. மந்திரி பதவிகள் மாத்திரமே இருந்தன. ஒரு தேசத்தில் முப்பத்துநான்கு ஆண்டு எடுத்தது, மறு தேசத்தில் ஏழாண்டில் முடிந்தது. நோய் ஒன்றே.

முதலாளித்துவ அரசமைப்பினுள் ஒரு மாநில அரசாங்கம் எதைத்தான் சாதிக்க முடியும் என்று சிலர் எம்மை மறுத்துரைக்கலாம். எல்லைகள் உண்டென்பதை ஏற்கிறோம். எல்லைகளை மக்களிடம் எடுத்துரைத்து, அவ்வெல்லைகளுக்கு எதிராக அவர்களைத் திரட்டுவது ஒரு வழி. எல்லைகளுக்குள் நின்று, மக்களை நிர்வகித்து, அந்நிர்வாகத்துக்குச் சோசலிசம் எனப் பெயரிடுவது மற்றொரு வழி. இரண்டாவது வழியிற் சென்றவர்கள் முதலாவது வழி அடைபட்டிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. அவ்வழியில் நடந்துதானே அவர்கள் ஆட்சிக்கு வந்தனர்!

ஆதலால் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் வேண்டுவது இது. இனியொரு தொகுதியை எவரேனும் 'எங்கள் கோட்டை' என்று கூறக் கேட்டால், அங்கே எத்தனை வாக்கு விழுந்தது என்று கேளாதீர்கள். அங்கே மக்கள் தாமே கூடி முடிவெடுக்கும் குழு ஒன்றேனும் உண்டா, அக்குழு கடைசியாக யாரை எதிர்த்துப் போராடியது, கட்சி தவறு செய்தபோது கட்சியையே அது எதிர்த்துப் பேசியதுண்டா என்று கேளுங்கள். விடை கிடையாதாயின், அத்தொகுதி அடுத்த தேர்தலில் வெல்லப்பட்டாலும் ஏற்கெனவே இழக்கப்பட்டதே எனக் கொள்க.